பதினோரு பொட்டு வைத்த டிராக்டர்

நியூஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் தெருத் தமிழர்களில் புஷ்பவல்லியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது அவள் செய்யும் அரிசிம்பருப்பு சாதம்தான். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பாட்லக் விருந்து என்றால் போதும், "புஷ்பா, நீங்க அதையே பண்ணிடுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அவளும் பெரிய அலுமினிய டிரேயில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வாள். அவள் உடுமலைப்பேட்டைக்காரி, மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள், கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் மூன்று வருஷம் ஃபிட்டிங் வேலை பார்த்தவள் என்பதெல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கே ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு பனிக்காலத்தில் பனி அள்ளும் எங்கள் ஸ்னோ ப்ளோயர் மக்கர் பண்ணியது. என் கணவர் அதன் முன்னால் உட்கார்ந்து ஃபோனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பவல்லி வேலி ஓரமாக வந்தாள், கார்புரேட்டரைக் கழற்றினாள், ஊதினாள், மாட்டினாள், போய்விட்டாள். வீடியோ அப்போதுதான் பாதி ஓடியிருந்தது.

நான் ராஜலக்ஷ்மி. மயிலாப்பூரில் பிறந்து, இருபது வருஷமாக நியூஜெர்சியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவள். எதையும் வாயால் சரிசெய்யத் தெரியும், கையால் தெரியாது. அதனால் கை தெரிந்தவர்கள் சும்மா இருந்தால் எனக்குக் கோபம் வரும். புஷ்பவல்லி மேல் அந்தக் கோபம் ரொம்ப நாளாக இருந்தது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. 2011-இல் கணவர் ஜெயபிரகாஷின் விசாவில் வந்தவள். நாலு வருஷம் வேலை செய்யவே அனுமதி இல்லை. அனுமதி வந்தபோது பக்கத்தில் இருந்த டேகேரில் ஆள் கேட்டார்கள், போனாள். ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு டயப்பர் மாற்றுவதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உடைந்த பொம்மைக் காருக்குச் சக்கரம் மாட்டும்போது அவள் முகமே வேறு மாதிரி ஆகிவிடும் என்று அங்கே வேலை செய்யும் பெண்ணே என்னிடம் சொல்லியிருக்கிறாள். போன வருஷம் கிரீன் கார்டும் வந்துவிட்டது. இனி எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகலாம். ஆனால் கல்யாணத்தோடு விட்ட, இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தைய பம்ப் கம்பெனியை ரெஸ்யூமேயில் எங்கே எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் அந்த டிராக்டர் என் வேலியை இடித்தது.

அது தோட்டத்துப் புல் வெட்டும் சின்ன டிராக்டர். 1986-ஆம் வருஷத்து வண்டி. 2014-இல் அவர்கள் வீடு வாங்கியபோது பழைய வீட்டுக்காரர் சாவியோடு ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போனது. ஒரு ஏக்கர் புல்வெளி, ஆகவே தேவையும் இருந்தது. ஜெயபிரகாஷுக்கு அது உயிர். வாரம் முழுக்க டேட்டாபேஸ், சனிக்கிழமை டிராக்டர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஜமீன்தார் போல மூன்று மணிநேரம் வலம் வருவார். ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமாக லூஸ் ஆகிக்கொண்டே வந்தது. முதலில் கால் சுற்று திருப்பினால்தான் சக்கரம் கேட்கும், பிறகு அரைச் சுற்று, பிறகு அதுவாக நினைத்தால்தான் கேட்கும். இந்த ஏப்ரல் மாதம், முதல் புல் வெட்டும் நாளில், அது கேட்கவே இல்லை. என் வேலியில் மூன்று பலகைகள் போயின.

ஜெயபிரகாஷ் இறங்கி நின்று, "ராஜிக்கா, நான் லெஃப்ட்லதான் திருப்பினேன்," என்றார்.

"வண்டிக்கு அது தெரியலையேப்பா," என்றேன்.

புஷ்பவல்லி அதற்குள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது திரும்பினால் விசிறி வடிவத்தில் இருக்கும் ஒரு பெரிய பல்தகட்டைத் தள்ளும். அந்தத் தகடுதான் முன்சக்கரங்களைத் திருப்பும். "நடுவுல பல்லே இல்லீங்க்கா. வழுக்கிட்டு வருது," என்றாள் எழுந்து. "மாத்தினாச் சரியாப் போயிருமுங்."

மறுநாள் அவளை ரூட் 206 ஓரமாக இருக்கும் ஒரு ரிப்பேர் கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். வேலி என்னுடையது என்பதால் எனக்கும் இதில் பங்கு உண்டு. கடைக்காரர் பெயர் வால்ட். எழுபது வயதுக்குமேல் இருக்கும், பெரிய கை, குறைந்த பேச்சு. கடைக்கு வெளியே இரண்டு வரிசையாகப் புல்வெட்டி வண்டிகள் ரிப்பேருக்குக் காத்துக்கிடந்தன. ஒரு மெக்கானிக்தான் இருந்தானாம், அவனும் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டானாம். வால்ட் பேசியதை என் தமிழில் சொல்கிறேன்.

"அந்த மாடலுக்கு அந்தப் பல்தகடு இப்போது யாரும் செய்வதில்லை. வண்டியை இங்கே விட்டுவிட்டுப் போங்கள். உதிரிப்பாகத்துக்கு ஆகும்."

புஷ்பவல்லி அவரைப் பார்க்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் தேவை என்று அதில் எழுதியிருந்தது. பிறகு, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, ஒரு வெள்ளைக்காரரிடம் தானாகப் பேச்சைத் தொடங்கினாள். அந்த வேலைக்குத் தன்னை எடுத்துக்கொள்வாரா என்று கேட்டாள்.

வால்ட் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. என்ன அனுபவம் என்றார். சொன்னாள். எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்றார். அதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"அந்த டிராக்டரை ஸ்டியரிங் சரிசெய்து இங்கே ஓட்டிக் காட்டு. இன்னும் இரண்டு சனிக்கிழமை தருகிறேன். அதற்குமேல் முடியாது, சீசன் வந்துவிட்டது. வேறு ஆளை எடுத்துவிடுவேன்."

அன்று மாலை ஜெயபிரகாஷ் அரண்டுபோனார். கெட்ட மனிதர் இல்லை, கவலை அதிகம். "உனக்கு எதுக்கு புஷ்பா இந்த வயசுல கிரீஸ், ஆயில் எல்லாம்? டேகேர்ல ஏசில இருக்க. நல்ல ஜாப்தான அது?"

"நல்ல வேலைதானுங்க. நான் ஒண்ணும் கொறை சொல்லலியே," என்றாள். "ஆனா எனக்கு அந்த வேலை வேணுமுங்க."

அதில் கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. ஜெயபிரகாஷ் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் டேகேர் விட்டு வந்ததும் நாலு மணிக்கு ஷெட்டுக்குப் போய்விடுவாள். முதல் மூன்று நாளும் ஸ்டியரிங் வீலைக் கழற்றவே சரியாகப் போய்விட்டது. நாற்பது வருஷத் துரு அதைத் தண்டோடு ஒட்டிவைத்திருந்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டாள், காத்திருந்தாள், மறுபடி விட்டாள். ஜெயபிரகாஷ் சுத்தியலோடு வந்தார். அதை வாங்கி வெளியே வைத்துவிட்டாள். மூன்றாம் நாள், இறுகிய வீலை இழுத்துக் கழற்றும் புல்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து மெல்ல முறுக்கினாள். வீல் ஒரு சத்தத்தோடு கையில் வந்தது. நான் கை தட்டினேன்.

பல்தகட்டுக்கு நாலாபக்கமும் ஃபோன் போட்டாள். ஓஹையோவில் பழைய டிராக்டர்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் அதே மாடலின் தகடும் சின்னச் சக்கரமும் இருந்தன. புதன்கிழமைக்குள் வந்துவிடும் என்றார். எல்லாம் கச்சிதமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது அவள் கழற்றிய தகட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்துப் பற்கள் முழுசாக இருந்தன. நடுவில் ஐந்தாறு பற்கள் கத்தி முனை மாதிரி தேய்ந்திருந்தன.

"இது இப்பிடித் தேயக் கூடாதுங்க்கா. இஞ்சின் நல்லாருக்குது, கியர் நல்லாருக்குது. இது மட்டும் ஏன் இப்பிடி? கிரீஸே போகலை போல இருக்குது."

"உன் ஆத்துக்காரர் வருஷா வருஷம் கிரீஸ் அடிப்பாரே. நானே பாத்திருக்கேன்."

"அதானுங். நானும் பாத்திருக்கறேன்."

கிரீஸ் உள்ளே போவதற்கு அங்கே ஒரு நிப்பிள் உண்டு. பட்டாணி அளவில் ஒரு குமிழ், நடுவில் ஊசித் துளை. அதில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினாள். கிரீஸ் உள்ளே போகாமல் ஓரத்தில் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. நிப்பிளைக் கழற்றினாள். தையல் ஊசியால் துளையைக் குத்தினாள். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது, பிறகு கொஞ்சம் சிவப்பு, மறுபடி மஞ்சள். அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ராஜிக்கா, இதக் கொஞ்சம் மோந்து பாருங்."

மோந்து பார்த்தேன். கிரீஸ் நாற்றத்துக்கு அடியில் சந்தன வாசனை.

ஆயுத பூஜை அன்று எங்கள் வீடுகளில் கார், லேப்டாப், மிக்ஸி, ரைஸ் குக்கர் எதற்கும் பொட்டு தப்பாது. புஷ்பவல்லி வீட்டில் டிராக்டருக்குத்தான் முதல் மரியாதை. முந்தின நாளே துணியை நனைத்து, ஒரு பொட்டு கிரீஸ் தெரியாமல் வழித்துத் துடைத்து, பளபளவென்று ஆக்கிவிடுவாள். பிறகு சந்தனம், அதன்மேல் குங்குமம். பானட்டில், சக்கரங்களில், ஸ்டியரிங்கில், அப்படியே கீழே குனிந்து அந்தக் குமிழிலும். உருண்டையாக, எடுப்பாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருக்கும் அது. நானே ஒரு வருஷம் குங்குமக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். பதினோரு ஆயுத பூஜை. சந்தனம் காய்ந்து, இறுகி, துளையை அடைத்துவிட்டது. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஜெயபிரகாஷ் அதன்மேல் கன்னை வைத்து அழுத்துவார். வெளியே பிதுங்கியதைப் பார்த்து, உள்ளே நிரம்பிவிட்டது என்று திருப்தியாக எழுந்து போவார். உள்ளே பற்கள் பதினோரு வருஷமாகக் காய்ந்து அரைபட்டுக்கொண்டிருந்தன.

புஷ்பவல்லி ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. காது இரண்டும் சிவந்துவிட்டன.

"பம்ப் கம்பெனியில புதுசா வர்றவங்களுக்கு நான்தானுங்க்கா சொல்லித்தருவேன். நிப்பிளத் தொடச்சிட்டுக் கன்ன வையின்னு. பத்து பேருக்காச்சும் சொல்லியிருப்பன். அதே நிப்பிள நானே அடச்சு வெச்சிருக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள். ஒரு புது நிப்பிளை எடுத்து மாட்டினாள். அடைபட்ட பழையதைத் தூக்கிப் போடாமல் ஒரு தயிர் டப்பாவில் போட்டு மூடினாள்.

அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் ஜெயபிரகாஷ் முதலில் வாய்விட்டுச் சிரித்தார், உடனே சீரியஸ் ஆகிவிட்டார். "இதை மட்டும் அந்த ஆள்கிட்ட சொல்லிடாத. இன்டர்வியூல யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க. பழைய வண்டி, தேஞ்சு போச்சு, அவ்வளவுதான். பொய்யும் இல்ல."

நானும் அதையேதான் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரைவிட அழுத்தமாகச் சொன்னேன். "மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சேன்னு ஒரு அமெரிக்கன் கிட்ட போய் சொல்லுவியா? மெக்கானிக்னு நெனச்சுக் கூப்பிட்டவர், வேற என்னமோன்னு நெனச்சுடுவார். சும்மா இரு."

அவள் தயிர் டப்பாவின் மூடியை இறுக்கினாள். சம்மதம் என்று நாங்களே எடுத்துக்கொண்டோம்.

புதன்கிழமை பார்சல் வந்தது. தகட்டை மாட்டினால் இடதுபக்கம் இறுக்கமாக இருந்தது, வலதுபக்கம் லூஸ். மெல்லிய வாஷர் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள், இன்னொன்றைச் சேர்த்தாள், ஒன்றை எடுத்தாள். வியாழன் முழுக்க அந்த வேலைதான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வண்டியை வெளியே எடுத்தாள். நான் என் பக்கத்துப் புல்லில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். புல்வெளியின் அந்தக் கோடியிலிருந்து, நேராக, என் புது வேலியைக் குறிவைத்து வந்தாள். வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் நாலு அடி பின்னால் போனேன். வேலிக்கு ஒரு முழம் இருக்கும்போது ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். வண்டி அங்கேயே, அந்த இடத்திலேயே திரும்பிப் போனது. தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை எந்தப் பாட்லக்கிலும் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை வாடகை டிரெய்லரில் வண்டியை ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் போனோம். வால்ட் வாசலிலேயே நின்றிருந்தார். ரிப்பேருக்குக் கிடந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் போய், கோடியில் திரும்பி, பின்பக்கமாகவே கடைக்குள் மூன்றாவது இடத்தில் நிறுத்த வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடைவெளி. ஜெயபிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டார். அவள் போனாள், திரும்பினாள், பின்பக்கமாகவே வந்து நிறுத்தினாள். எதிலும் உரசவில்லை.

வால்ட் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பழைய தகடு எங்கே என்று கேட்டார். கொடுத்தாள். அவளைப் போலவே அவரும் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. இது மட்டும் எப்படி இவ்வளவு தேய்ந்தது?"

எங்கள் மூவருக்கும் அந்தக் கேள்வி தெரிந்ததுதான். பதிலும் தயாராக இருந்தது. புஷ்பவல்லி வாயைத் திறக்கத் தாமதம் ஆனதும் நானே முந்திக்கொண்டு, "ரொம்பப் பழைய வண்டி," என்றேன். வால்ட் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடமே திரும்பிக்கொண்டார்.

"நான்தான் கெடுத்தேன்," என்றாள்.

ஜெயபிரகாஷ் என் முழங்கையைப் பிடித்தார். அவள் தயிர் டப்பாவைத் திறந்து நிப்பிளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவளுடைய சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எல்லாவற்றையும் சொன்னாள். வருஷத்துக்கு ஒருநாள் எங்களுக்குச் சோறு போடும் கருவிகளைத் துடைத்து, பொட்டு வைத்துக் கும்பிடுவோம். நான் கிரீஸைத் துடைத்தேன், துளையில் சந்தனம் வைத்தேன், பதினோரு வருஷம். கிரீஸ் போகவில்லை, பல் போய்விட்டது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் யோசிக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

வால்ட் அந்த நிப்பிளை மூக்கருகே கொண்டுபோனார். "நல்ல வாசனை," என்றார். பிறகு அதை உள்ளங்கையில் உருட்டினார். வேலை போனதென்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"ஃப்ளோரிடாவுக்குப் போனானே, அவன் நல்ல வேலைக்காரன்," என்றார் வால்ட். "ஒன்பது வருஷம் இருந்தான். அவன் சொன்னபடி பார்த்தால் அவன் கைபட்டு ஒரு சாமானும் கெட்டதில்லை. அவன் கெடுத்ததையெல்லாம் நான்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்." நிப்பிளை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "இரண்டாவது வரிசையில் அந்தச் சிவப்பு வண்டி வலதுபக்கம் இழுக்கிறது. திங்கட்கிழமை ஏழரைக்கு வந்து, ஏன் என்று சொல்."

திரும்பி வரும்போது டிராக்டரையும் ஏற்றிக்கொண்டோம். வீட்டுக்கு அருகே வந்ததும், "ஏழரைன்னுதான சொன்னாருங்க்கா?" என்றாள். "ஏழுக்கே போயிருவன்." சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். ஜெயபிரகாஷ் டிரெய்லரைத் திருப்புவதில் மும்முரமாக இருப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வால்டிடம் நான் கேட்ட மன்னிப்பும், அவளிடம் நான் கேட்காத மன்னிப்பும் வேறு கதை.

இந்த ஆயுத பூஜைக்கு அவள் பூஜை போட்டது வால்டின் கடையில். கூப்பிட்டிருந்தாள், போனேன். ரிப்பேருக்கு நின்ற எல்லா வண்டிகளுக்கும் பானட்டில் மட்டும் பொட்டு. வால்ட் முந்தின நாளே எல்லா நிப்பிளுக்கும் சிவப்பு ரப்பர் மூடி மாட்டி வைத்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. ஸ்பேனர்கள், ஸ்க்ரூடிரைவர்கள், புல்லர் எல்லாவற்றையும் வேலை மேஜையில் பரப்பி, பொரிகடலை, வாழைப்பழம் வைத்திருந்தாள். நடுவில் ஒரு தட்டில் அந்தப் பழைய நிப்பிள். கற்பூரம் காட்டுவதற்கு முன், விரலில் சந்தனத்தைத் தொட்டு, அந்தக் குமிழின் துளைமேலேயே பன்னிரண்டாவது பொட்டை வைத்தாள்.

"இதுக்கு வெச்சா ஒண்ணும் ஆகாதுங்க்கா," என்றாள்.